வேறு உலகத்தில் உயிர் உண்டா?

வானத்தில் மின்னும் நட்சத்திரங்கள் எல்லாம் சூரியன்களே. நம் சூரியனைப் பூமி சுற்றுவது போல, அந்தச் சூரியன்களையும் கிரகங்கள் சுற்றுகின்றன. இப்படி 6 ஆயிரத்துக்கும் அதிகமான கிரகங்கள் இதுவரை கண்டுபிடிக்கப்பட்டுள்ளன.

அவற்றில் உயிர் உண்டா?

பரபரப்பான செய்தி

"இருக்கலாம்" என்று 2025 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது. உலகமே பரபரப்பு அடைந்தது.

செய்தியை வெளியிட்டவர், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் நிக்கு மதுசூதன். இந்தியாவில் பிறந்தவர்.

அவர் குழு ஆராய்ந்த கிரகத்தின் பெயர் "கே2-18பி". அங்கிருந்து ஒளி இங்கே வந்து சேர 124 ஆண்டுகள் ஆகும். அது தன் சூரியனை 33 நாட்களில் சுற்றிவிடுகிறது. அங்கே ஒரு வருடம் என்பது 33 நாள்தான்!

எப்படி ஆராய்ந்தார்கள்?

இவ்வளவு தூரத்தில் இருப்பதை எப்படி அறிவது?

அந்தக் கிரகம் தன் சூரியனுக்கு முன்னால் கடந்து போகும். அப்போது, கிரகத்தைச் சுற்றியுள்ள காற்றின் வழியாகக் கொஞ்சம் ஒளி வரும். காற்றில் உள்ள ஒவ்வொரு வாயுவும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கும். எந்தப் பகுதி குறைகிறது என்று பார்த்து, "இது இன்ன வாயு" என்று சொல்லலாம்.

2021-ல் விண்ணுக்குச் சென்ற ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் இப்படித்தான் பார்த்தது. டைமெதில் சல்பைடு என்ற வாயுவின் அடையாளம் தெரிவதாக மதுசூதன் குழு கூறியது. பூமியில் இந்த வாயு பெரும்பாலும் கடலில் வாழும் நுண்ணுயிர்களால் உண்டாகிறது. அதனால்தான் இவ்வளவு பரபரப்பு.

சந்தேகம் ஏன்?

அதே கணக்கை மற்ற விஞ்ஞானிகள் போட்டுப் பார்த்தார்கள். "உறுதியான ஆதாரம் இல்லை" என்றார்கள். உயிரே இல்லாத ஒரு வால் நட்சத்திரத்திலும் இதே வாயு காணப்பட்டிருக்கிறது.

மதுசூதன் குழுவும் இதை முடிவான கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை. கணக்கு தற்செயலாக அப்படி அமைந்திருக்க, 1,000-ல் 3 பங்கு வாய்ப்பு உண்டு. இது ஒரு கோடியில் 6 பங்குக்கும் கீழே குறைந்தால்தான், கண்டுபிடிப்பு என்று விஞ்ஞானிகள் ஏற்பார்கள்.

புகை போலத் தெரிவதெல்லாம் புகை அல்ல, மூடுபனியாகவும் இருக்கலாம். முதலில் அங்கே அந்த வாயு இருப்பது உறுதியாக வேண்டும். பிறகு, உயிர் இல்லாமலே அது உண்டாகுமா என்று பார்க்க வேண்டும். இரண்டும் தெரிந்த பிறகே உயிரைப் பற்றிப் பேச முடியும்.

ஆகவே, "உயிரைக் கண்டுவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். "அங்கே உயிரே கிடையாது" என்று அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். தேடல் இன்னும் முடியவில்லை.