வீடு குடியிருப்பதற்கே!

நியூயார்க் நகரத்தில் 2023 செப்டம்பர் 5-ந் தேதி முதல் ஒரு சட்டம் கண்டிப்பாக அமுலுக்கு வந்தது. 2022 ஜனவரியில் சட்டமான இதற்கு 18-வது உள்ளூர்ச் சட்டம் என்று பெயர். தன் வீட்டை முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுகிறவர் நகர நிர்வாகத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளியூரார் தங்கும் நாட்களில் வீட்டுக்குரியவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. இவையே அதன் முக்கிய விதிகள்.

இந்தச் சட்டம் வருமுன்பே பெரும் கூப்பாடு எழுந்தது. வீட்டுக்காரரையும் பயணியையும் இணைத்துவைத்து, ஒவ்வொரு பேரத்திலும் கமிஷன் எடுக்கும் ஏர்பிஎன்பி கம்பெனி, 2023 ஜூனில் நகர நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஆகஸ்டில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. “வாடகைச் சுமையைத் தாங்க முடியாத எளியவர் காலி அறையை விட்டு நாலு காசு பார்க்கிறார். அவர் வயிற்றில் அடிக்கலாமா?” என்பதே கம்பெனித் தரப்பின் வாதம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு என்ன சொல்லுகிறது?

நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2014 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். 2010 முதல் 2014 ஜூன் வரை அந்நகரில் இக்கம்பெனி மூலம் விடப்பட்ட வீடுகளில், நூற்றுக்கு 72 வீடுகள் சட்டத்தை மீறியவையாகத் தோன்றின என்றது அறிக்கை. மூன்றும் அதற்கு மேலும் வீடுகளை வைத்துத் தொழில் நடத்தியவர்கள் நூற்றுக்கு 6 பேரே. ஆனால் மொத்த வசூலில் நூற்றுக்கு 37 பங்கு அவர்கள் பெட்டிக்குப் போயிற்று. அவர்களில் முதலிடம் பெற்றவர் கையில் இருந்தவை 272 வீடுகள்! அவற்றின் மூலம் வந்த வசூல் 68 லட்சம் டாலர்!

272 வீடுகளை வைத்திருப்பவரா காலி அறையை விட்டுக் கஞ்சி குடிக்கும் எளியவர்? ஏழையை முன்னால் நிறுத்தி, அவர் முதுகுக்குப் பின்னால் பெரும் புள்ளிகள் ஒளிந்துகொள்ளும் தந்திரத்தை உழைப்பாளி மக்கள் நன்கறிவார்கள்.

இதில் தீமை எங்கே என்று சிலர் கேட்கலாம். மாத வாடகைக்குக் குடியிருப்பவருக்குச் சில உரிமைகள் உண்டு. நினைத்தவுடன் அவரை வெளியேற்ற முடியாது. இரண்டு இரவு தங்கிப் போகும் பயணியிடமோ தினக் கணக்கில் கறந்துவிடலாம். இந்த வித்தியாசம் பெரிதாகப் பெரிதாக, குடும்பங்கள் வாழவேண்டிய வீட்டில் பயணிகள் மூட்டை இறக்குகிறார்கள். தொழிலாளிக் குடும்பமோ ஊரின் எல்லைக்குத் துரத்தப்படுகிறது. தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று அறியாத புதியவர்கள் கட்டிடத்தில் நிறைவதும் சிறிய ஆபத்தல்ல.

அடுக்கு வீடுகளுக்கு இத்தகைய தடை 2010 முதலே மாநிலச் சட்டத்தில் இருந்தது. பின் ஏன் பலிக்கவில்லை? அதிகாரிகள் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கம்பெனியோ கமிஷனை வாங்கிக்கொண்டு கையைக் கழுவிக்கொண்டது. புதிய சட்டம் இந்த இடத்தில்தான் பிடியை இறுக்கியது. பதிவு உண்டா என்று சரிபார்க்காமல் கம்பெனி கமிஷன் வாங்கக் கூடாது. மீறினால் ஒவ்வொரு பேரத்துக்கும் 1,500 டாலர் வரை அபராதம். வீட்டுக்காரருக்கு 5,000 டாலர் வரை. உடனே, குறுகிய நாள் வாடகை விளம்பரங்களில் பெரும்பகுதி மறைந்தது.

நிலைமை முற்றிலும் சீராகிவிட்டதா? இல்லை. நியூயார்க்கில் வாடகை இறங்கிவிடவில்லை. 2023-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வாடகை வீடுகளில் காலியாக இருந்தவை நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. 1968-க்குப் பின் இவ்வளவு குறைந்ததில்லை. ஓட்டல் தொழிலாளர் சங்கம் இச்சட்டத்தை ஆதரித்தது. ஓட்டல் முதலாளிகளும் போட்டி ஒழிந்ததென்று மகிழ்ந்தார்கள். இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஏழைக்கு எட்டும் வாடகையில் புதிய வீடுகளைக் கட்டாமல், ஒரு சட்டத்தால் மட்டும் வீட்டுப் பஞ்சம் தீராது. ஆனால் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவர முயல்கிறவன் கரையில் உள்ள உடைப்பையும் அடைக்கத்தானே வேண்டும்?

ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா இன்னும் ஒரு படி மேலே போகத் தீர்மானித்திருக்கிறது. பத்தாண்டில் வாடகை நூற்றுக்கு 68 ஏறிவிட்டது என்று கூறிய அந்நகர மேயர், 10,101 பயணியர் வீடுகளின் லைசென்சுகளை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024 ஜூனில் அறிவித்தார். இதற்கு ஆதாரமான மாகாணச் சட்டத்தை எதிர்த்த மனுவை, 2025 மார்ச்சில் அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் நிராகரித்தது.

உண்மையிலேயே ஓர் அறையை மட்டும் விட்டுப் பிழைக்கும் எளியவருக்கு நியூயார்க் சட்டம் வழியை அடைக்கவில்லை. அவர் பதிவு செய்துகொள்ளட்டும். வீட்டில் இருந்துகொண்டே அறையை விடட்டும். வாடகைக்குக் குடியிருப்பவராயின் முதலில் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கட்டும். சர்க்கார் வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள வீடுகளைப் பதிவு செய்யவே முடியாது. விதியை மீறி நாலு காசு தேடுகிறவர், தன்னை வெளியேற்றக் காரணம் தேடிக்கொண்டிருக்கும் சொந்தக்காரனிடம் தானே கயிற்றை எடுத்துக் கொடுக்கிறார்.

விதி எளியவனுக்கு விலங்கு என்று பெரிய புள்ளிகள் சொல்லுவார்கள். ஒற்றை அறைக்காரரையும் 272 வீட்டுக்காரரையும் பிரித்துக் காட்டுவதே அந்த விதிதான். அது இல்லாத ஊரில் ஆதாயம் 272 வீட்டுக்காரருக்கு. பழி ஒற்றை அறைக்காரருக்கு. ஆகவே விதியைக் காப்பதில் எல்லோரையும்விட அதிக அக்கறை காட்ட வேண்டியவர் எளியவரே!