நொடித்தது கம்பெனி, நின்றது டிராம்!

புகை கக்காத பேருந்து புதுமையாம்! புதுமையா அது, தோழர்களே? 1895ஆம் ஆண்டிலேயே சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் ஓடிற்று. ஏழை எளியோரைச் சுமந்து ஓடிற்று. 1953இல் நின்றது. மக்களின் தேவை தீர்ந்தா நின்றது? இல்லை! நடத்திய தனியார் கம்பெனி நொடித்தது, டிராமும் நின்றது.

2025 ஜூன் திங்களில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. வரவேற்கிறோம். ஐம்பது பேர் ஏறிச் செல்லும் ஒரு பேருந்து, ஐம்பது வண்டிகளின் கரியமில வாயுவைக் குறைக்கும் அன்றோ!

ஆயின் அந்தப் பேருந்து யாருடையது? வண்டி தனியாருடையது, ஓட்டுநர் தனியாரின் ஊழியர், நடத்துநர் மட்டுமே மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்தவர். ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு எனக் கழகம் பணம் அளக்கிறது. “முதலைத் தனியார் போடுகிறாரே” என்பர். போட்ட முதலை இலாபத்தோடு எடுக்காமல் விடுவாரா? அப்பணமும் மக்கள் பணந்தானே!

இலாபத்தை நம்பி ஓடும் வண்டி, இலாபம் வற்றும் நாளில் நிற்கும். டிராம் புகட்டிய பாடம் இது. மின்சாரப் பேருந்துகள் ஆயிரமாய்ப் பெருகட்டும். கழகத்தின் சொத்தாக, மக்களின் உடைமையாக ஓடட்டும்!