பதறாத காரியம் சிதறாது



நெய்வேலி நகரியத்தில் வசிக்கும் வாசகர்களுக்கு இது தெரிந்த செய்திதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே பழுப்பு நிலக்கரி மிகவும் ஆழத்தில் இருக்கிறது. மேலே உள்ள மண்ணை அகற்றினால் மட்டும் போதாது. நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைக்காமல் தோண்டினால் தண்ணீர் பீறிட்டு வந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும்!

1957ஆம் ஆண்டு மே மாதம் அங்கே சுரங்க வேலை தொடங்கியது. நிலக்கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில்தான். நான்கு ஆண்டுகள் மண்ணோடும் தண்ணீரோடும் போராட்டம். அவசரப்பட்டிருந்தால் அத்தனை உழைப்பும் வீணாகியிருக்கும்.

சுரங்கத்துக்கு மட்டுமா இந்தப் பாடம்? போருக்கும் இதுதான் பாடம் என்று காட்டிய ஒருவர் இருந்தார். அவர் நம் தமிழ்நாட்டு மண்ணில்தான் கண்ணை மூடினார். அவர் பெயர் சாம் மானெக்‌ஷா. நம் நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷல்.

மானெக்‌ஷா 1914 ஏப்ரல் 3ஆம் தேதி அமிர்தசரஸில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர். தந்தையைப் போலவே மருத்துவராக வேண்டும், அதற்கு லண்டன் போய்ப் படிக்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. தந்தை சம்மதிக்கவில்லை. அந்தக் கோபத்தில் 1932இல் டேராடூன் ராணுவப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்துவிட்டார். அங்கே பயின்ற முதல் அணியில் அவரும் ஒருவர்.

1942இல் இரண்டாம் உலகப் போர். பர்மாவில் ஜப்பானியப் படையுடன் சண்டை. மானெக்‌ஷாவின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. பிழைக்க மாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவருடைய உதவியாளரான சிப்பாய் ஷேர் சிங் அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினார். அதனால் உயிர் பிழைத்தார். 1969இல் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார்.

குண்டுகளைத் தாங்கியது பெரிய வீரம்தான். ஆனால், நான் சொல்ல வந்த வீரம் வேறு.

1971ஆம் ஆண்டு. இன்றைய வங்கதேசம் அன்று கிழக்குப் பாகிஸ்தான். அங்கே ராணுவ அடக்குமுறை தாங்காமல் மக்கள் கூட்டம் கூட்டமாக நம் எல்லைக்குள் ஓடிவந்தார்கள். ஏப்ரல் மாதம் பிரதமர் இந்திரா காந்தி அமைச்சர்களோடு மானெக்‌ஷாவையும் அழைத்தார். உடனே படை நடத்த முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

அந்த இடத்தில் "அப்படியே ஆகட்டும் அம்மா" என்று சொல்வது எவ்வளவு சுலபம்! ஆனால், "இப்போது முடியாது" என்றார் மானெக்‌ஷா. மழைக்காலம் வரப்போகிறது, ஆறுகள் கடல்போல் பெருகிவிடும், படைகள் இன்னும் தயாராகவில்லை, இப்போது போனால் தோல்விதான் என்று காரணங்களை அடுக்கினார். தேவையானால் பதவி விலகவும் தயார் என்றார். இதைப் பின்னாளில் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பிரதமரும் கோபத்தை ஒதுக்கிவைத்து அவர் கேட்ட அவகாசத்தைக் கொடுத்தார்.

அந்த மாதங்களில் தளபதி சும்மா இருக்கவில்லை. படைகளை உரிய இடங்களுக்கு நகர்த்தினார். வெடிமருந்தும் உணவும் சேர்த்துவைத்தார். டிசம்பர் 3ஆம் தேதி பாகிஸ்தான் விமானங்கள் நம் விமான தளங்களைத் தாக்கின. போர் மூண்டது. டிசம்பர் 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. பதின்மூன்றே நாட்கள்! சுமார் 93,000 பேர் போர்க் கைதிகளானார்கள். வங்கதேசம் என்ற புதிய நாடு பிறந்தது.

1973 ஜனவரியில் மானெக்‌ஷாவுக்கு ஃபீல்டு மார்ஷல் பட்டம் வழங்கப்பட்டது. அதே மாதம் பணியிலிருந்து விடைபெற்று நீலகிரியில் உள்ள குன்னூரில் குடியேறினார். 2008 ஜூன் 27ஆம் தேதி, 94ஆம் வயதில், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். உதகமண்டலத்தில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில், மனைவி சில்லூவின் அருகில், ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த இறுதிச் சடங்குக்குக் குடியரசுத் தலைவரும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. முப்படைத் தளபதிகளும் வரவில்லை. நாட்டுக்காக இவ்வளவு செய்தவருக்கு இதுதானா மரியாதை என்று பலரும் மனம் வருந்தினார்கள். வருந்த வேண்டிய விஷயம்தான். ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1971இல் அவர் உண்மையைச் சொன்னது யாருடைய பாராட்டுக்காகவும் அல்ல. தவறான நேரத்தில் படையை அனுப்பினால் சாகப் போவது சாதாரண சிப்பாய்கள். அவர்களுக்காகத்தான் தன் பதவியையே பணயம் வைத்தார். எத்தனையோ சிப்பாய்கள் உயிரோடு வீடு திரும்பினார்களே, அதைவிடப் பெரிய மாலை உண்டா?

வகுப்பில் ஆசிரியர் "புரிந்ததா?" என்று கேட்கிறார். எல்லோரும் "புரிந்தது சார்" என்கிறார்கள். உங்களுக்குப் புரியவில்லை. எழுந்து நின்று, "எனக்கு இன்னும் புரியவில்லை சார்" என்று சொல்லத் துணிச்சல் வேண்டும் அல்லவா? அதுவும் வீரம்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை! "இப்போது முடியாது" என்று சோம்பேறியும் சொல்வான், வீரனும் சொல்வான். சோம்பேறி சாக்குச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவான். வீரன் காரணத்தைச் சொல்லுவான், கேட்டு வாங்கிய நேரத்தில் உழைப்பான், சொன்ன நாளில் முடித்துக் காட்டுவான்.

அடுத்த முறை "முடியாது" என்று சொல்ல வாயெடுக்கும்போது, நாம் சொல்லப் போவது சாக்கா, காரணமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். காரணம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்!

அன்புடன்,
ஆசிரியர்