கணக்குக் கேட்பவனிடம் கணக்குக் கேட்பது யார்?

ராணுவம் வந்தால்தான் லஞ்சம் ஒழியும் என்று டீக்கடையிலும் களத்துமேட்டிலும் சிலர் பேசக் கேட்கிறோம். அவர்களுக்கு வங்கதேசத்தின் அனுபவத்தை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

2007 ஜனவரி 11 அன்று அங்கே அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. நடக்கவிருந்த தேர்தல் நிறுத்தப்பட்டது. உலக வங்கியில் உத்தியோகம் பார்த்த பக்ருதீன் அகமது நாற்காலியில் அமர்ந்தார். நாற்காலிக்குப் பின்னால் ராணுவத் தளபதி மொயீன் அகமது நின்றார். ஊழலை வேரறுக்கப் போவதாக முழங்கினார்கள். முன்னாள் பிரதமர்கள் ஹசீனாவும் காலிதா ஜியாவும் அந்த ஆண்டே சிறைக்குப் போனார்கள். பழைய ஆட்சிகளின் ஊழலால் நொந்திருந்த ஜனங்கள் பலர் கைதட்டினார்கள்.

ஆனால் நடந்தது என்ன? டாக்காவில் குடிசைகளும் நடைபாதைக் கடைகளும் இடித்துத் தள்ளப்பட்டன. கூட்டம் போடத் தடை! தொழிற்சங்க வேலைக்குத் தடை! அவசரநிலை விதிகளில் கைதானவனுக்கு ஜாமீனும் மறுக்கப்பட்டது. குல்னாவில் பீப்பிள்ஸ் சணல் ஆலைக்குப் பூட்டு விழுந்தது. வேலையிழந்தவன் தெருவில் நின்று நியாயம் கேட்டால் அதுவே குற்றம்! ஆகஸ்டில் டாக்கா பல்கலைக்கழக மாணவர்கள் ராணுவத்தை எதிர்த்துக் கொதித்தெழுந்தபோது பதிலாக வந்தது ஊரடங்கு. ஆசிரியர்களும் சிறையில் அடைக்கப்பட்டனர்.

பணக்கார ஊழல்காரனுக்கோ வேறு வழி திறந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டினால் சிறை இல்லை என்று 2008இல் ஒரு கமிஷன் வைத்தார்கள். அது செல்லாது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றமே அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது.

சரி, காவலுக்கு வந்தவர்களின் கை சுத்தமா? விலைவாசி ஏறியபோது எல்லைப் படையைக் கொண்டு அரிசியும் பருப்பும் விற்றார்கள். அந்த விற்பனையில் அதிகாரிகள் முறைகேடு செய்ததாக அப்படையின் சிப்பாய்களே குற்றம் சாட்டினார்கள். 2009 பிப்ரவரியில் பல உயிர்களைக் குடித்த கலகத்தின்போது அவர்கள் சொன்ன குறைகளில் இதுவும் ஒன்று.

2008 டிசம்பரில் தேர்தல் நடந்தது. ஹசீனா மீண்டும் பிரதமரானார். அவர் மீது போட்ட ஊழல் வழக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு அவரது ஆட்சியே அடக்குமுறையாக மாறியது. 2024 ஆகஸ்டில் அதைத் தூக்கியெறிந்தது ராணுவத்தின் ஆணை அல்ல, தெருவில் இறங்கிய மாணவர்களும் மக்களும்தான்.

ரேஷன் கடையில் எடை குறைந்தால் தட்டிக் கேட்க நாலு பேர் வேண்டும். கேட்டவனைப் பிடித்து உள்ளே போட்டால் எடைக்கல் சரியாகிவிடுமா? சங்கமும் கூட்டமும் பத்திரிகையும் கோர்ட்டும்தான் ஏழையின் தராசு. தராசைப் பறித்துக்கொண்டு நியாயமாக அளப்பேன் என்பவனை, அவன் காக்கிச் சட்டை போட்டிருந்தாலும் கதர்ச் சட்டை போட்டிருந்தாலும், நாம் நம்ப மாட்டோம்!