பத்து மணிக்குத் தூங்கச் சொல்கிறவர்கள் நைட் ஷிப்டைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

பெண்களின் ஹார்மோன் நலத்துக்கு அறிவுரை சொல்லாத பத்திரிகையோ யூடியூப் சேனலோ இன்று இல்லை. பத்து மணிக்குத் தூங்குங்கள், காலையில் நடங்கள், புரதம் சேருங்கள், மனதை அமைதியாக வைத்திருங்கள். இவை தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. யாருடைய வாழ்க்கையை வைத்து இதைச் சொல்கிறீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

தாராபுரம், மூலனூர், குண்டடம் பக்கத்துச் சேரிகளிலிருந்து ஸ்பின்னிங் மில்லுக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். சைடர் வேலை என்றால் ஷிப்ட் முழுக்க நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்ட வேண்டும். நைட் ஷிப்ட் வந்தால் விடியும்வரை டியூப்லைட் வெளிச்சம்தான். இரவில் படும் வெளிச்சம் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. தூக்கம் கெட்டால் கார்டிசோல், இன்சுலின் இரண்டின் ஒழுங்கும் கெடுகிறது. மாதவிடாயும் முறை தவறலாம். உடலின் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலை புற்றுநோய்க்கும் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே வகைப்படுத்தியது. ஷிப்டை முடிவு செய்வது மில் நிர்வாகம். அறிவுரை மட்டும் அந்தப் பெண்ணுக்கு!

கொங்கு மில்கள் நம் பெண்களின் உடலை எப்படிப் பார்த்தன என்பதற்குச் சுமங்கலித் திட்டமே சாட்சி. மூன்று வருடம் விடுதியில் அடைந்து உழைத்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டிப் பதின்வயதுப் பெண்களைக் கூட்டிப்போனார்கள். அவர்களில் பெரும்பகுதி தலித் பெண்கள்.

2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழகத்து ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசியது. மாதவிடாய் வலிக்காக அத்தனை பேருக்கும் வேலையிடத்தில் பெயர் இல்லாத மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது. பாதிப் பேருக்கு மேல் அதனால் உடல்நலம் கெட்டது என்றார்கள். உட்கார விடாமல், லீவு கொடுக்காமல் மாத்திரையை மட்டும் கொடுப்பது வைத்தியம் அல்ல. மெஷின் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு.

உணவுக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரையின் இரும்புச்சத்தைவிட இறைச்சியின் இரும்புச்சத்தை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். ஆனால் இவர்களின் பட்டியலில் பாதாம் இருக்கும், ஆளி விதை இருக்கும், மாட்டுக்கறி இருக்காது. காரணம் மருத்துவம் அல்ல, சாதி.

நம் பெண்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். மாட்டுக்கறி, ஈரல், முட்டை, கருவாடு, முருங்கைக்கீரை எதையும் கூச்சமில்லாமல் சாப்பிடுங்கள். சாப்பிட்டவுடன் டீ குடிக்காதீர்கள். இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடாதீர்கள். அட்டையைக் காட்டாமல் கொடுக்கும் மாத்திரையை வாங்காதீர்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நாங்களும் அந்த அறிவுரைக் கூட்டம்தான். கழிப்பறைக்குப் போகவே அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் நிறையத் தண்ணீர் குடி என்று சொல்லிப் பயனில்லை. இந்த நிலையை அறிவுரை மாற்றாது, சங்கம் மாற்றும். திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிலாளியான தலித் பெண் ஜெயஸ்ரீ கதிரவேல் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனமும் எச் அண்ட் எம்மும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பாலியல் வன்முறைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிராக ஒப்பந்தம் போட முடியுமென்றால், தூக்கத்துக்கும் கழிப்பறைக்கும் ஏன் முடியாது?

தாராபுரம் தனித்தொகுதி. 2021-ல் இங்கே வென்ற கயல்விழி செல்வராஜ் ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சரும் ஆனார். எந்தக் கட்சி ஓட்டுக் கேட்டு வந்தாலும் இந்த நான்கைக் கேளுங்கள்: விருப்பமில்லாத பெண்ணுக்கு நைட் ஷிப்ட் கூடாது. மாதவிடாய் நாளில் சம்பளத்தோடு லீவு வேண்டும். மில் மருந்தகத்தில் தகுதியுள்ள நர்ஸ் வேண்டும். விடுதிச் சாப்பாட்டில் தினமும் முட்டையும் பருப்பும் வேண்டும். இதற்குப் பதில் சொல்லாதவர்கள் நமக்கு யோகா வகுப்பு எடுக்க வரவேண்டாம்.