பிள்ளை வளர்க்க வகுப்பா? – ஓர் எதிர்வினை

சென்ற மாதம் ஒரு நூல் விமர்சனக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். பேச வந்த மூத்த எழுத்தாளர் நாவலைவிட்டுச் சற்று விலகி ஒரு வேடிக்கை சொன்னார். பெற்றவர்கள் பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொள்ள இப்போது பணம் கட்டி வகுப்புக்குப் போகிறார்களாம். ஒன்பது பெற்ற தம் பாட்டி எந்த வகுப்புக்குப் போனாள், யாரிடம் சான்றிதழ் வாங்கினாள் என்று கேட்டார். அரங்கம் குலுங்கியது. நாங்களும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்து திரும்பியபோது எங்களில் ஒருவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. நண்பருடைய மகனுக்கு எட்டு வயது. மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். கவனம் ஓரிடத்தில் நில்லாது. சினம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவான், கடிப்பான், பிறகு தானே அழுவான். இரண்டு பள்ளிகள் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டன. ஒன்றரை மாதமாக நண்பரும் அவருடைய மனைவியும் சனிக்கிழமைதோறும் இப்படியொரு வகுப்புக்குப் போய்வருகிறார்கள். நான்கு ஆண்டுகளாக அவரோடு கூடி உட்கார்ந்து தாஸ்தயேவ்ஸ்கியின் குழந்தைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். அவருடைய குழந்தையைப் பற்றி ஒருமுறையும் கேட்டதில்லை. இக்கட்டுரையை அந்தச் சிரிப்புக்கான பிராயச்சித்தம் என்று வாசக நண்பர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மூத்த எழுத்தாளர்மீது எங்களுக்குப் பகை ஏதுமில்லை. நம் சிற்றிதழ் உலகில் பலரும் ஏற்றுக்கொண்ட ஒரு கருத்தையே அவர் மேடையில் சொன்னார். கூட்டுக்குடும்பம் சிதைந்தது, பாட்டி போனாள், அந்த இடத்தில் நிபுணர் வந்து உட்கார்ந்துகொண்டார் என்பது அக்கருத்து. கேட்க இதமாக இருக்கிறது. ஆகவே பாட்டியிலிருந்தே தொடங்குவோம்.

அடங்காத பிள்ளையைப் பாட்டி என்ன செய்தாள்? மிளகாய்ப் புகை காட்டினாள். கரண்டியைக் காய்ச்சிச் சூடு போட்டாள். மந்திரித்துத் தாயத்துக் கட்டினாள். அடியாத மாடு படியாது என்பது அவளுடைய பாடத்திட்டம் முழுவதையும் அடக்கிய ஒற்றை வரி. எதற்கும் படியாத பிள்ளைக்குக் கிறுக்கு என்றோ பித்துக்குளி என்றோ பட்டம் சூட்டிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது. நம்மில் பலருடைய குடும்பத்தில் சிறுவயதிலேயே ஊரைவிட்டு ஓடிப்போன சித்தப்பாவோ மாமாவோ ஒருவர் இருக்கிறார். அவர் ஏன் ஓடினார் என்பதை நாவலாக எழுதுகிறோம். அதே பாட்டியின் வீட்டிலிருந்துதான் அவர் ஓடினார் என்பதை மேடையில் மறந்துவிடுகிறோம்.

பாட்டியிடம் இருந்த ஒன்று இன்றைய தாயிடம் இல்லை என்பதையும் மறுக்கவில்லை. திண்ணை இருந்தது, குழந்தையை வாங்கிக்கொள்ள நான்கு இடுப்புகள் இருந்தன. தாய் களைத்துப்போன நேரத்தில் அத்தை ஒருத்தி தூக்கிக்கொண்டு போனாள். இழப்பு மெய்யானது. ஆனால் கேலி செய்பவர்கள் யாரும் அந்த இடுப்பைத் தர முன்வரக் காணோம்.

வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? இதன் வேர்களுள் ஒன்று அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் இருக்கிறது. ஜெரால்ட் பாட்டர்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1960களிலிருந்தே, முரட்டுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு நேரில் சென்று, யார் என்ன சொன்னார், அடுத்தவர் என்ன செய்தார் என்பதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை குறித்துக்கொண்டார்கள். அவர்கள் கண்டது நம் தெருமுனைக் கடையில் தினமும் நடப்பதுதான். பிள்ளை மிட்டாய் கேட்கிறது. தாய் மறுக்கிறாள். பிள்ளை கத்துகிறது. தாய் அதட்டுகிறாள். பிள்ளை மண்ணில் புரள்கிறது. கடைக்காரரும் தெருவும் பார்க்க, தாய் வாங்கிக் கொடுத்துவிடுகிறாள், அழுகை நிற்கிறது. புரண்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டது. கொடுத்தால் ஓயும் என்று தாய் கற்றுக்கொண்டாள். இன்னொரு நாள் அவள் அடிக்கிறாள், அப்போதும் அழுகை ஓய்கிறது. அடித்தால் ஓயும் என்று அவளுடைய கை கற்றுக்கொள்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பழக்குகிறார்கள். 1982-இல் வெளிவந்த தம் நூலில் பாட்டர்சன் இதை விரித்து எழுதினார். இதில் கெட்ட தாயும் இல்லை, கெட்ட பிள்ளையும் இல்லை. இருவரும் மாட்டிக்கொண்ட ஒரு சுழல் இருக்கிறது. வகுப்பு என்பது அந்தச் சுழலிலிருந்து கால் எடுத்து வைக்கும் பயிற்சி.

அதே ஓரிகானில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்பவரிடம் பயின்ற ஷீலா ஐபர்க், 1970களில் வேறொரு முறையை உருவாக்கினார். தாயும் குழந்தையும் ஓர் அறையில் விளையாடுவார்கள். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் பயிற்சியாளர் இருப்பார். தாயின் காதிலுள்ள சிறு கருவி வழியே அவ்வப்போது சொல்லிக்கொடுப்பார். வீட்டுப்பாடம் நாளுக்கு ஐந்து நிமிடம் மட்டுமே. அந்த ஐந்து நிமிடத்தில் கட்டளை இடக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, குறை சொல்லக்கூடாது. பிள்ளை செய்வதைப் பார்த்து அதை அப்படியே சொல்ல வேண்டும்: நீலக் கட்டையைச் சிவப்புக் கட்டைமேல் வைக்கிறாய், அது விழுந்தது, மறுபடி எடுக்கிறாய். தீர்ப்புச் சொல்லாமல் கண்டதை எழுது என்று இளம் எழுத்தாளர்களுக்கு இருபது ஆண்டுகளாக உபதேசம் செய்துவரும் நாம், அதையே ஒரு தாய் பழகும்போது சிரிப்பது விந்தைதான். கேள்வியும் கட்டளையும் இல்லாமல் சொந்தப் பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். எங்களில் மூவர் முயன்றோம். ஒருவரும் இரண்டாம் நிமிடத்தைத் தாண்டவில்லை.

பாராட்டுவது இன்னும் கடினம் என்கிறார் நண்பர். நம் வீடுகளில் பிள்ளையை முகத்துக்கு நேரே மெச்சும் பழக்கம் இல்லை. கண் பட்டுவிடும், தலைக்கனம் ஏறிவிடும். அவருடைய வகுப்பில் ‘குட் ஜாப்’ என்று சொல்லச் சொன்னார்களாம். அவருக்கு நா எழவில்லை. தமிழில் தேடினால் சபாஷ் கிடைத்தது, அதுவும் இரவல். கடைசியில் வெறும் செய்தியாகவே சொல்லப் பழகிக்கொண்டார்: பென்சிலைப் பெட்டியில் வைத்துவிட்டாய், நான் பார்த்தேன். பையன் திரும்பி அப்பாவை வெறித்துப் பார்த்தானாம். (நட்சத்திர ஒட்டுப்படமும் ஆங்கிலப் புகழ்ச்சியும் சேர்த்துப் பொட்டலம் கட்டி விற்கும் வகுப்புகள் உண்டு என்பதை அறிவோம். அந்த வணிகத்தைக் கேலி செய்யட்டும், நாங்களும் சேர்ந்துகொள்கிறோம்.)

இனி, சிரிப்புக்கு அடியில் இருக்கும் கசப்பான பகுதிக்கு வருவோம். வகுப்புக்குப் போகிறாள் என்றாலே வளர்க்கத் தெரியாதவள் என்று பொருள் கொள்கிறோம். சர்க்கரை நோய் வந்த குழந்தையின் தாய் இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொள்கிறாள். அவள்தான் நோயைக் கொண்டுவந்தாள் என்று எவரும் சொல்வதில்லை. ஏ.டி.எச்.டி.யில் பரம்பரைக் கூறு மிக வலுவானது என்பது ஆய்வுலகில் நிலைபெற்ற முடிவு. அதற்குப் பெற்றோர் பயிற்சி தருவது, பெற்றோர் அதை உண்டாக்கினார்கள் என்பதனால் அன்று. இப்பிள்ளைக்குச் சாதாரண வளர்ப்புத் திறன் போதாது என்பதனால். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 4, 5 வயதுக் குழந்தைகளுக்கு மருந்துக்கு முன்னால் பெற்றோர் பயிற்சியையே வைத்தது.

தாயைக் கூண்டில் ஏற்றிய அறிவாளிகளும் உண்டு. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் ‘வெற்றுக் கோட்டை’ என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய நூலில், ஆட்டிசத்தின் காரணத்தைப் பெற்றோரின் மறுப்பில், முதன்மையாகத் தாயிடம், தேடினார். தாக்காவ், புக்கன்வால்ட் முகாம்களில் கைதியாக இருந்து மீண்டவர் அவர். அந்த முகாம் அனுபவத்தையே இக்குழந்தைகளின் நிலைக்கு ஒப்பாகச் சொன்னார். அப்படியானால் காவலர் இடத்தில் யார் நிற்கிறார்? அவர் எழுத்தின் நடை அழகானது, இலக்கிய வாசகர்களை ஈர்த்தது. அந்த அழகிய நடையின் கீழே ஒரு தலைமுறைத் தாய்மார் நசுங்கினார்கள். ஆட்டிசம் கொண்ட மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், உடற்கூறே காரணம் என்று வாதிட்டு 1964-லேயே நூல் எழுதியிருந்தார். அதைப் பெட்டல்ஹைம் அளவுக்குப் பொது வாசகர்கள் கொண்டாடவில்லை.

இங்கிலாந்தில் இது சட்டமாகவே ஆனது. 1998-ஆம் ஆண்டின் குற்றமும் ஒழுங்கின்மையும் பற்றிய சட்டத்தின்படி, பிள்ளை குற்றம் செய்தால் பெற்றோர் மூன்று மாதம்வரை வழிகாட்டு வகுப்புக்குப் போயாக வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிடலாம். மீறினால் 1,000 பவுண்டுவரை அபராதம். ஆணை பெற்றவர்களில் பெரும்பாலோர் தாய்மார். தனியாகப் பிள்ளையை வளர்ப்பவள், ஓடிப்போகாமல் உடன் இருந்த குற்றத்துக்காகத் தண்டனை பெறுகிறாள். ஓடிப்போன தகப்பனுக்கு வகுப்பு இல்லை. வகுப்பைக் கேலிப்பொருளாக்கும் நம் எழுத்தாளருக்கும் அதைத் தண்டனையாக்கும் அந்த நீதிபதிக்கும் இடையில் எவ்வளவோ தூரம் இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே பெண்ணைத்தான் சுட்டுகிறார்கள்.

இங்கே சட்டம் தேவைப்படவில்லை, மாமியாரே போதும். நண்பரின் வகுப்பில் பதினோரு பெண்கள், ஆண் அவர் ஒருவர் மட்டுமே. மற்றக் கணவன்மார் வாசலில் இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். அவள் உள்ளே கற்றுக்கொண்டதை வீட்டில் செய்தால், பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று அதே கணவர் அன்று மாலையே சொல்கிறார். பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. வீட்டில் அடிப்பதற்கு அப்படியொரு தனித் தடை இல்லை. ஒரு வாரப் பயிற்சி முழுவதையும் தகப்பனின் ஓர் அறை அழித்துவிடும்.

இன்னொன்று, பணம். முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. ஆனால் வேலைநாளில் பகல் பதினோரு மணிக்கு வரச் சொன்னால், சித்தாள் வேலைக்குப் போகிறவள் அன்றைய கூலியை விட்டுத்தான் வர வேண்டும். வகுப்பே பணக்காரரின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களின் வாதத்தில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. இதற்கு மருந்து வகுப்பை மூடுவதன்று. தென் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில், வறுமை மிகுந்த 40 ஊர்களில், 552 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2018-இல் முடிவு வெளிவந்தது. திட்டத்தின் பெயர் சினோவுயோ. கோசா மொழியில் நமக்கு மகிழ்ச்சி உண்டு என்று பொருள். பதினான்கு அமர்வுகள், நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், பதின்வயதுப் பிள்ளைகளும் உடன் அமர்ந்தார்கள். முடிவுகளில் எங்களைப் பிடித்து நிறுத்தியது இதுதான்: பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் வளர்ப்போர் சொன்ன கணக்கின்படி, அடிப்பதும் கொடுமை செய்வதும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. வளர்ப்போரின் மன அழுத்தமும் குறைந்தது.

அப்படியானால் வகுப்பால் பயனில்லையே, பிள்ளை மாறவில்லையே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 2007-இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்தைப் பார்த்து நாமெல்லாம் அழுதோம். அதில் பையன் கடைசியில் ஓவியப் போட்டியில் வெல்கிறான். பரிசு வாங்காத பிள்ளையாக அவன் இருந்திருந்தால் எத்தனை பேர் அழுதிருப்போம்? நண்பரின் மகன் எந்தப் போட்டியிலும் வெல்லப்போவதில்லை. ஆறு வார வகுப்புக்குப் பிறகும் பொருளை எறிகிறான். போன செவ்வாய்க்கிழமை ஒரு டம்ளர் நண்பரின் நெற்றியைக் கீறியது. கை ஓங்கினாராம், ஓங்கிய கையை இறக்கிவிட்டுப் பால்கனியில் போய் நின்றாராம். ஒன்றரை மாதத்தில் தாம் கற்றது அவ்வளவுதான் என்றார்.

எங்கள் மாதக் கூட்டம் சனிக்கிழமைகளில் நடப்பது வழக்கம். இம்மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம். குழந்தைகளையும் அழைத்து வரலாம். கூடம் தந்துதவும் அன்பர் புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவுகளைக் கழற்றி மாடியில் வைத்துவிட்டார். மூத்த எழுத்தாளருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறோம்.