கூடைப்பந்துக்கு யாருடைய கட்டணம்?

பள்ளிப்பட்டில் எங்கள் தெருவைச் சேர்ந்த விசைத்தறித் தொழிலாளி ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஆலோசனை கேட்டு வந்தார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன், ஆறடிக்கு மேல் உயரம், கூடைப்பந்து ஆட்டக்காரன். சென்னைக்கு அருகிலுள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று கட்டணம், விடுதி, உணவு அனைத்தையும் இலவசமாகத் தர முன்வந்திருந்தது. அதே நிறுவனத்தில்தான் அவருடைய அண்ணன் மகள் பொறியியல் படிக்கிறாள். அவளுடைய கட்டணத்துக்காக, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தப் பணியிலிருக்கும் அவள் அண்ணன் மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். "ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு எல்லாம் இலவசம், இன்னொரு பிள்ளைக்கு இவ்வளவு கட்டணமா, ஐயா?" என்றார். பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவனுக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை.

நம் நாட்டில் கல்லூரி விளையாட்டு ஒரு படிக்கட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த திருத்தணி, பொன்னேரி அரசுக் கல்லூரிகள் பிற இணைவுக் கல்லூரிகளுடன் மோதலாம். ஆனால், தென்மண்டலப் போட்டிக்குத் தம் பெயரில் செல்ல முடியாது. எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பொறுக்கியெடுத்த அணியைப் பல்கலைக்கழகமே அனுப்பும். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956-இன் 3-ஆம் பிரிவின்கீழ் நிகர்நிலைத் தகுதி பெற்ற நிறுவனத்துக்கோ நேரடி வாயில் திறக்கிறது. 1985-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம். 2002-இல் அத்தகுதியைப் பெற்றது. எங்கள் மாவட்டத்தின் ஆவடியிலுள்ள வேல்டெக் 2008-இல் பெற்றது. பாடத்திட்டம், சேர்க்கை ஆகியவற்றில் கிடைக்கும் சுதந்திரமே நோக்கம். விளையாட்டு அதன் உடன்விளைவு. ஆனால், அந்த உடன்விளைவு சிறியதன்று. 2022-இல் பெங்களூரில் நடைபெற்ற கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளில் முதலிடம் பெற்றது ஜெயின் என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

இதே ஏற்றம் அமெரிக்காவில் வெளிப்படையான விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு ஆகியவற்றுடன் நிகழ்கிறது. அங்கே கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக உள்ளன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெரிமாக் என்னும் சிறு கல்லூரி, 2019-இல் இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறியது. 2023 மார்ச்சில் தன் கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தை 67-66 என வென்றது. ஆயினும் நான்காண்டு மாறுதற்காலம் முடியாததால் தேசியப் போட்டிக்குச் செல்லத் தகுதியில்லை. தோற்ற அணி சென்றது. சென்றதோடு, முதல்நிலைத் தகுதி பெற்றிருந்த பர்டியூவை 63-58 என வீழ்த்தி உலகச் செய்தியாயிற்று. வென்றவரை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அதைவிடப் பாடம் நிறைந்தது, பென்சில்வேனியாவின் செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகத்தின் கதை. 1847-இல் தொடங்கப்பட்ட சிறு கத்தோலிக்க நிறுவனம் அது. 2025 மார்ச்சில் அதன் ஆடவர் அணி தேசியப் போட்டியை எட்டியது. முதல் ஆட்டத்தில் தோற்ற சில நாள்களிலேயே, விளையாட்டு உதவித்தொகையே வழங்கப்படாத மூன்றாம் பிரிவுக்கு இறங்குவதாக நிர்வாகம் அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி தன் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். பெரிய பல்கலைக்கழகங்களுக்குத் தொலைக்காட்சி வருவாய் இருக்கிறது. சிறியவற்றின் விளையாட்டுச் செலவில் பெரும்பகுதி நிறுவனத்தின் பொது நிதியிலிருந்தும் மாணவர் கட்டணத்திலிருந்தும்தான் வருகிறது.

தரவரிசைக்கான செலவு விசித்திரமானது. தேர்த்திருவிழாவில் முன்னால் நிற்பவர் நுனிக்காலில் எழுந்தால் பின்னால் நிற்பவர்களும் எழ வேண்டியிருக்கும். தேர் யாருக்கும் கூடுதலாகத் தெரிவதில்லை. எத்தனை கோடி செலவிட்டாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி தோற்றே தீரும். ஏறிய கல்லூரிக்கு விண்ணப்பங்கள் கூடும் என்பார்கள். சில இடங்களில் கூடியும் இருக்கின்றன. ஆனால், அண்டைக் கல்லூரியும் ஏறிவிட்டால் அந்த ஆதாயம் கரைந்துவிடும், செலவு மட்டும் தங்கிவிடும்.

நம் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கல்லூரி ஆட்டங்களுக்குத் தொலைக்காட்சி வருவாய் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. நன்கொடையும் அறக்கட்டளை நிதியும் ஓரளவு இருக்கலாம்; எஞ்சியது கட்டணம் செலுத்தும் மாணவரின் பணமே. அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. ஏழைச் சிறுவனுக்கு அந்த இடம் வாழ்வையே மாற்றக்கூடியது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஎஃப் போன்ற அணிகள் வரை அந்தப் பாதை நீள்கிறது. நூலகத்துக்குச் செலவிடுவதுபோல் மைதானத்துக்கும் செலவிடட்டும். ஆனால், அணிக்கு எவ்வளவு, அனைத்து மாணவரின் விளையாட்டுக்கும் எவ்வளவு எனக் கணக்கைப் பிரித்து இணையதளத்தில் வெளியிடுவதில் என்ன தடை? செயின்ட் பிரான்சிஸ் தன்னால் இயலாது என்று கூறிய நேர்மைக்கேனும் கணக்குப் பார்த்திருக்க வேண்டுமல்லவா?

தறித் தொழிலாளியிடம் இடத்தை ஏற்கச் சொன்னேன். பையன் சேர்ந்துவிட்டான், தென்மண்டலப் போட்டிக்கான தேர்வில் இருக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்த அவனுடைய அக்காளிடம், அங்கே கூடைப்பந்து ஆடியதுண்டா என்று கேட்டேன். மாலை நான்கு முதல் எட்டு வரை ஆடுகளம் அணிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றாள். அவளுக்கு வகுப்பு முடிவதே நான்கரைக்கு.